சாமோ ஹங்கை ஏன் முதலில் வைக்கிறேன்

ஹாங்காங் சண்டைப் படங்கள் என்றாலே புரூஸ் லீ, ஜாக்கி சான் என்று இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாவதாகக்கூட நடிகரும் இயக்குநருமான சாமோ ஹங்கின் பெயரை யாரும் எடுப்பதில்லை. எனக்கு மனம் ஆறவில்லை.

'என்டர் தி டிராகன்' (1973) படத்தின் முதல் சண்டையில் லீயுடன் மோதும் அந்தக் குண்டு இளைஞர் சாமோதான். விழுகிறார், எழுகிறார், கடைசியில் கை மடக்கப்பட்டுத் தரையைத் தட்டுகிறார். எதிரில் நிற்பவர் அவ்வளவு கச்சிதமாக அடி வாங்குவதால்தான் லீயின் வேகம் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த உடல் யூ ஜிம்-யூன் என்ற பீகிங் ஓபரா (பாட்டும் நடிப்பும் கரணங்களும் கலந்த சீன மேடைக் கலை) ஆசானிடம் பக்குவப்பட்டது. பிள்ளைகள் அவருடைய பள்ளியிலேயே தங்கிப் பயின்றார்கள். நெடுநேரம் தலைகீழாக நிற்க வேண்டும், தவறினால் பிரம்படி. ஜாக்கி சான், பின்னாளில் சண்டை நடிகரான யூன் பியாவ் இருவருக்கும் சாமோ அங்கே மூத்தவர். ஓபராவுக்குக் கூட்டம் குறைந்ததும் அந்தப் பிள்ளைகள் சினிமா ஸ்டண்டுக்குப் போனார்கள். 1988இல் வந்த 'பெயிண்டட் ஃபேசஸ்' படத்தில் சாமோ அந்த ஆசானாகவே நடித்தார். தன்னை வளர்த்தவரை வில்லனாக்கவும் இல்லை, தெய்வமாக்கவும் இல்லை. தன் கலை கண்ணெதிரே நசிவதைப் பார்த்து நிற்கும் மனிதராகக் காட்டினார். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது முற்றிலும் நியாயம்.

ஆனாலும் இயக்குநர் சாமோவுக்காகத்தான் நான் அதிகம் வாதாடுவேன். பார்சிலோனாவில் எடுத்த 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' (1984) படத்தில் ஜாக்கியும் கிக்பாக்ஸிங் வீரர் பென்னி உர்கிடெஸும் மோதுவார்கள். உர்கிடெஸின் ஓர் உதை குறி தவறும். அதன் காற்றில் வரிசையாக எரியும் மெழுகுவர்த்திகள் அணைந்துவிடும். ஜாக்கியின் ஆகச் சிறந்த சண்டை இதுவே என்று பாராட்டுகிறவர்கள், இயக்கியவர் சாமோ என்பதை மறந்துவிடுகிறார்கள். யாருடைய உடல் எதற்கு வளையும் என்று அறிந்து அதற்கேற்ற சண்டையை அமைப்பவர் அவர். அதே படத்தில் யூன் பியாவுக்குத் தாவலும் கரணமும்தான்.

2009இல் சாமோவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'இப் மேன் 2' படத்தில் வட்ட மேசை மீது கதாநாயகன் டானி யென்னுடன் சண்டை போட்டார். அந்தச் சண்டையை வடிவமைத்தவரும் அவர்தான்.

சாமோவை இதுவரை பார்க்காதவர்கள் அவர் இயக்கிய 'தி ப்ராடிகல் சன்' (1981) படத்திலிருந்து தொடங்குங்கள். அதில் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசானாக வரும் லாம் சிங்-யிங்கின் கைகளைக் கவனியுங்கள்.