ஒரு சம்பளத்துக்கு இரண்டு எஞ்சினியர் வேலை

புரொடக்சன் எஞ்சினியரும் மனுபக்சரிங் எஞ்சினியரும் ஒன்றுதான் என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டு, லைனில், அதாவது ஆளுக்கொரு பகுதியாகத் தைத்துக் கைமாற்றும் வரிசையில், உற்பத்தி விழுந்தால் "நீர்தானே தம்பி எஞ்சினியர்" என்று வந்து நிற்கிறார்கள்.

ஒரு லைனில் பொக்கட் வைக்க 90 செக்கன், மற்ற ஒவ்வொரு வேலைக்கும் 60 செக்கன் என்று வையுங்கள். அந்த ஓர் இடத்தால் மணிக்கு 40 உடுப்புத்தான் வெளியே வரும். மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் 41 வராது. பொக்கட்டின் விளிம்பை அளவாக மடித்துப் பிடிக்க ஓர் அச்சுச் செய்து, ஊசி, தையல், மெசின் வேகம் எல்லாம் மாற்றிப் பார்த்து அந்த 90 செக்கனைக் குறைப்பது மனுபக்சரிங். அங்கே இன்னொரு ஆளைப் போடுவதா, வேலையைப் பிரித்துக் கொடுப்பதா, எந்த ஓடரை முதலில் ஏற்றுவது, நூலும் பொத்தானும் எப்போது வந்து சேரவேண்டும் என்று பார்ப்பது புரொடக்சன். முதல் வேலைக்கு நாள்கணக்காக ஒரு மெசினோடு இருக்கவேண்டும். மற்றதுக்கு லைன் முழுக்க நடந்து திரியவேண்டும். ஒரே ஆள் ஒரே ஷிப்டில் எப்படிச் செய்வது?

டார்கெட்தான் எப்போதும் அவசரம். அச்சு வேலை நாளைக்கு என்று தள்ளிப்போகும். நாளைக்கும் அதே 90 செக்கன். பழி மட்டும் பொக்கட் வைக்கிற பிள்ளைக்கு. இந்தப் பிள்ளைகள் விசுவமடுவிலிருந்தும் முழங்காவிலிலிருந்தும் விடியமுன் வெளிக்கிட்டு வருகிறார்கள். குடும்பத்தைத் தனியாளாகச் சுமக்கிறவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவளுடைய கையில் பிழையில்லை ஐயா, நாங்கள் கொடுத்த முறை பிழை. எல்லாருக்கும் முன்னால் அவளை ஏசும்போது வயிறு எரிகிறது.

"படிக்கேக்க ரெண்டும் ஒண்டாத்தானே படிச்சனீர்?" என்று கேட்கிறார்கள். ஓம், படித்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முன்பு புரொடக்சன் எஞ்சினியரிங் என்றிருந்த துறைதான் இன்று மனுபக்சரிங் அன்ட் இன்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங். பிரித்தானியாவில் 1921இல் தொடங்கிய புரொடக்சன் எஞ்சினியர்களின் அமைப்பும் 1991இல் மனுபக்சரிங் என்று பெயரை மாற்றியது. பாடங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது உண்மைதான். அதற்காக ஒருவனுடைய எட்டு மணித்தியாலம் பதினாறு ஆகிவிடுமா? படித்தவனுக்கு இரண்டும் விளங்கும், அவ்வளவுதான். அச்சை இழைத்துக்கொண்டிருக்கிறவனை இடையில் கூப்பிட்டு, நூல் ஏன் வரவில்லை என்று கேட்டால் இரண்டும் கெடும்.

ஆள் இல்லை என்ற கதை மட்டும் வேண்டாம். இங்கே கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படித்து முடித்த பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவரை எடுங்கள். இரண்டில் எந்த வேலையை எனக்குத் தந்தாலும் செய்வேன், ஒன்றை மட்டும் தாருங்கள்.