ஜாமீன் கிடைத்தது, பையன் வரவில்லை

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டின் நாலாவது மாடி அக்காவின் மகனுக்குப் போன மாதம் ஜாமீன் கிடைத்தது. கைப்பேசித் திருட்டு வழக்கு. 5,000 வெள்ளி (ரிங்கிட்), ஒரு ஜாமீன்தாரர். ஆனால் பையன் வீட்டுக்கு வர 11 நாள் ஆனது.

அந்த 11 நாளும் அக்கா பணத்துக்கு அலைந்தார். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. சீட்டைத் தள்ளி எடுத்தார். மிச்சத்துக்குத் தம்பியிடம் கை நீட்டினார். அப்புறம் வங்கியில் தன் பெயரில் கணக்குத் திறந்து, பணத்தைப் போட்டு, புத்தகத்தை நீதிமன்றத்தில் ஒப்படைத்தார். என்னிடம் காட்டியபோது அடகுச் சீட்டு, ஐசி (அடையாள அட்டை), நீதிமன்றத் தாள் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன, மேலே ரப்பர் பேண்ட் சுற்றி.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கேண்டீனில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு 5,000 என்பது மூன்று மாத உழைப்பு. இதை அன்று நீதிமன்றத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பையனுக்கு லாயர் இல்லை, அவனுக்கும் பேசத் தெரியவில்லை.

சட்டத்தில் குறையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: ஆள் வழக்குக்குத் திரும்பி வரப் போதுமான தொகை இருந்தால் சரி, அது அளவுக்கு மீறக் கூடாது. குற்றம் எவ்வளவு கடுமையானது, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா என்று நீதிபதி பார்க்க வேண்டியவை 1948-இலேயே வீ ஸ்வீ சியாங் வழக்கில் வந்துவிட்டன. வசதி உள்ளவன் அன்றே வெளியே, இல்லாதவன் உள்ளே என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

“தப்பு செய்யாமலா பிடிப்பார்கள்?” என்று எங்கள் ஃபிளாட்டிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்த 12 பேரை மறந்துவிட்டோமா? ஜாமீனுக்கே கதவடைத்த சட்டம் அது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் 12 பேர் மீதான வழக்கையும் கைவிட்டார். உள்ளே கழிந்த மாதங்களை அவர்களுக்கு யார் திருப்பித் தந்தார்கள்?

வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, மருத்துவர் கடிதம் எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டு போங்கள். ஒய்பிஜிகே என்ற தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞரைக் கேளுங்கள், தகுதியுள்ள குடிமக்களுக்கு இலவசம். தொகை கைக்கு எட்டாவிட்டால் குறைக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம், அதற்கும் அதே 389 இடம் தருகிறது. அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எனக்கே அந்த 11 நாள் கழித்துத்தான் தெரிய வந்தது.