நீச்சல் தெரியாதவருக்கும் பவளப்பாறை எட்டும்
பவளப்பாறைகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில், நீச்சலும் ஸ்கூபாவும் (காற்று உருளையோடு மூழ்குவது) தெரியாதவர்களுக்கு அவை எட்டாக்கனி என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தும் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டாத என் அம்மா, பாம்பன் அருகே குருசடைத் தீவுப் பக்கம் கண்ணாடித் தளப் படகில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு வந்தார். முதல் நாள் காற்று அதிகம், தண்ணீர் கலங்கிக் கிடந்தது, படகே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் காலடிக் கண்ணாடிக்குக் கீழே மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளம். அதைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது பச்சையும் நீலமுமாக ஒரு மீன். "இது நம் ஏலத்துக்கு வருகிற கிளிமீன் அல்லவா, உயிரோடு இவ்வளவு நிறமா!" என்றார் அம்மா. ஐஸ் பெட்டியில் வெளுத்துப்போனதைத்தானே இத்தனை வருடம் பார்த்திருக்கிறார். அது பவளத்தைக் கடித்து அரைத்துக் கழிப்பதுதான் மணலாகிறது என்று நான் சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை. "எண்ணூரில் ஏன் இதெல்லாம் இல்லை?" என்று மேலே பின்னூட்டத்தில் கேட்டிருக்கும் நண்பருக்கு: ஆலைக்கழிவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பவள உயிரிக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். கொசஸ்தலையாறு வண்டல் கொண்டுவந்து கொட்டும் கலங்கல் கடலில் அது எங்கே கிடைக்கும்? கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் நம் தூண்டில் வளைவுக் கற்களில் பச்சை ஆழி என்கிற சிப்பியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் அப்பிக் கிடக்கின்றன. அதுவும் ஓர் உலகம்தான். குருசடை இருக்கிற மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன, பவளம் வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கட்டுரை அதைத் தொடவே இல்லை.