பேனரில் நான்கு மீசை

ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டாம். மூன்று நாளாக நான் திரும்பத் திரும்பப் பார்த்ததே போதும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விற்பனைக் கண்காட்சியில் மாமா மகன் மைக்கைப் பிடித்துப் பேசியது நன்றாகத்தான் இருந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, காவிரி வண்டல் மண், கல் கருடன் என்று எல்லாவற்றையும் சொன்னான். அப்புறம் வந்தது அந்த வரி. "அப்பாவிடமிருந்து மகனுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று நான்கு தலைமுறையாகக் கை மாறாமல் வந்த பட்டறை இது." பின்னால் பெரிய பேனர். கொள்ளுத்தாத்தா, தாத்தா, மாமா, அவன். நான்கு மீசை. அவனுக்கு இன்னும் சரியாக வளரவில்லை, மூன்றரை என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாரும் கைதட்டினார்கள். பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து நாலு மணி நேரம் ரயிலில் வந்த நானும் கைதட்டினேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

தம்பி (முறைக்குத் தம்பி இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது), பட்டறை கை மாறியது. நம் பாட்டி கைக்கு மாறியது. மாறியிருக்காவிட்டால் இன்று உனக்கு மைக்கும் இல்லை, பேனரும் இல்லை.

தாத்தா 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர். ஜார்ஜ்டவுனில் வீடு வீடாகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பினார், இல்லையென்று சொல்லவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான். பணம் நின்றது, கடிதமும் நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே 1945 வரை ஊரில் யாருக்கும் தெரியாது. கழுத்தில் தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று தெரியாமல் ஒரு பெண்பிள்ளை நாலு வருடம் ஓட்டியிருக்கிறாள். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது கண் பார்வை போய்விட்டது. உலை மட்டும் அணையவில்லை. யார் எரித்தது? முதல் மீசை திண்ணையில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது மீசை இங்கே பினாங்கில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. மூன்றாவது மீசைக்கு ஆறு வயது.

பாட்டி காதில் கிடந்ததை விற்று ஊர் ஊராக ஓட்டை உடைசல் பித்தளையை எடைக்கு வாங்கினார். கடைசல்காரருக்கும் அச்சு கட்டுகிறவருக்கும் கூலி பாக்கி வைத்ததில்லை. பட்டறை நின்ற மனை அதுவரைக்கும் வாடகை மனைதான். 1944-ல் அதைக் கிரயம் வாங்கியதும் அவர்தான், தன் பெயரில்.

"பொம்பளை எங்கே உலைப் பக்கம் போனாள்" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, நான் போயிருக்கிறேன், என் எட்டாவது வயதில், பாட்டியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மூசைக்குள் (உலோகம் உருக்கும் குடுவை) பித்தளை உருகும்போது வெள்ளைப் புகை கிளம்பும். துத்தநாகம் எரிகிறது என்று அர்த்தம். பாட்டி அந்த வார்த்தையெல்லாம் சொல்ல மாட்டார். "காசு புகையாய்ப் போவுது, எடுங்கடா" என்பார். அவர் சொன்ன பிறகுதான் இடுக்கியில் கை வைப்பார்கள். குத்துவிளக்கில் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் வரும் பிரபை எல்லாம் தனித்தனியாக வார்த்துக் கடைந்து, மரை போட்டு ஒன்றன் மேல் ஒன்றாகத் திருகி நிறுத்துவது. திருகி முடித்ததும் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் திரும்ப உலைக்கு.

"தாத்தா அனுப்பிய பணம்தானே முதல்" என்று சித்தப்பா முறையுள்ள ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதியிருக்கிறார். சரி, முதல்தான். யார் மறுத்தது? அவர் படத்தை எடுக்கச் சொல்லவில்லையே, பாட்டி படத்தைச் சேர்க்கத்தானே சொல்கிறேன்.

"குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா" என்கிறவர்களுக்கு: மேடையில் மைக் வைத்துச் சொன்னது குடும்ப விஷயம் இல்லையாம், நான் எழுதினால் மட்டும் குடும்ப விஷயமாம்.

அடுத்தது வரும் என்று எனக்குத் தெரியும், வந்தும் விட்டது. "சொத்து கேட்கத்தான் இந்த ஆட்டம்." கூடவே ஒரு சட்ட மேதை, மகளுக்கும் பங்கு கொடுத்த தமிழ்நாட்டின் 1989 சட்டத்துக்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று விளக்குகிறார். அது பூர்வீகச் சொத்துக்கு, அதுவும் 2005-ல் சட்டம் மாறும் வரைக்கும்தான். இது பாட்டி தன் பெயரில் வாங்கிய மனை. உயில் எழுதாமல் போன ஒரு பெண்ணின் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சமம் என்று 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. என் அம்மாவுக்கு மாமாவுக்குச் சரிசமமான பங்கு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன். 1984-ல், பாட்டியின் வருஷ திதிக்குப் போன இடத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கைரேகை வைத்த மையை அம்மா முந்தானையில் துடைத்ததும், அது புதுப்புடவை என்பதால் மாமி முகம் சுளித்ததும் ஞாபகம் இருக்கிறது. மாமி எடுத்துக் கொடுத்த புடவை. பங்குக்குப் பதிலாக அந்தப் புடவையும் இரண்டடி விளக்கு ஒன்றும். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாயா என்று கப்பலில் திரும்பும்போது கேட்க நினைத்து, விமானத்தில்தான் திரும்பினோம், கேட்கவும் இல்லை. அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

பங்கு போனது போனதுதான். ஒரு சென்ட் நிலம் வேண்டாம். ஆனால் அந்தப் பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே, "எங்கள் தாயார் கிரயம் பெற்றுச் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்து வந்த" என்று மாமாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நிலத்தை வாங்கிக்கொள்ளும்போது பாட்டி சொந்தக்காரி. பேனர் அடிக்கும்போது மட்டும் அவர் யாரோ.

அந்த விளக்கு எங்கள் வீட்டுச் சாமி அறையில்தான் இருக்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மாமா காலத்து வேலை. பாட்டி இருந்திருந்தால் உலைக்குப் போயிருக்கும்.

நேற்று அவன் பதில் போட்டான். "அக்கா, டிசைன் பண்ண பையனுக்குத் தெரியல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வாரமே பினாங்குக்கு வருகிறாய் தம்பி, அடுத்த வருஷம் எதற்கு? இங்கே லிட்டில் இந்தியாவில் பேனர் அடிக்கும் கடையில் விசாரித்துவிட்டேன். காலையில் படம் கொடுத்தால் மாலையில் தருகிறார்கள். காசு நான் கொடுக்கிறேன். பாட்டி படம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அம்மா கல்யாணத்தில் எடுத்தது. ஓரத்தில் நிற்கிறார், தோள் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது.