பொன்னாடை சரி, சேர்ட்டிபிக்கட்டில் எந்த ஆண்டு?

ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக் கடற்கரையில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். கடலில் மூழ்கிய ஒரு பிள்ளைக்கு எங்கள் ஊர் அண்ணர் ஒருவர் கரையில் முதலுதவி செய்தார், அதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கதையை விரிவாகத் திரும்பச் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டான், கோணேசப் பெருமான் காப்பாற்றினார். அதில் எனக்குள்ள சந்தோசம் உங்கள் யாருடையதை விடவும் குறைந்ததல்ல என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இதைப் படித்துவிட்டு "பிள்ளை பிழைத்தது உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்க ஒருவர் வருவார். நேற்றே வந்தும்விட்டார்.

பொன்னாடைப் படத்துக்குக் கீழே நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. "அண்ணர் கடைசியாக எப்போது சிபிஆர் பயிற்சி எடுத்தவர்?" அவ்வளவுதான். (சிபிஆர் என்றால் இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதுகிற முதலுதவி.) அதற்கு வந்த மரியாதைகள்: பொறாமை பிடித்தவன். நீ என்ன டொக்டரா? புறாமலைத் தீவுக்குப் படகில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கிக் காசு பார்க்கிறவனுக்கு மற்றவன் பெயரெடுத்தால் வயிறு எரியத்தானே செய்யும். இந்தக் கடைசியை எழுதியவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். சரி, இருக்கட்டும்.

ஒருவர் மட்டும் கேட்டதற்குப் பதில் சொன்னார். அண்ணர் முறையாகப் படித்தவராம், 2005 நடுப்பகுதியில் எடுத்த சேர்ட்டிபிக்கட்டை வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாராம். மிக்க நன்றி. எனக்கு வேண்டியது அதுதான்.

2005 எப்படி இருந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் திருகோணமலை முழுக்க ஓடித் திரிந்த காலம். எதற்கெடுத்தாலும் பயிற்சி, மத்தியானம் பார்சல், பின்னேரம் சேர்ட்டிபிக்கட். அந்தப் பயிற்சியை நான் பழிக்கவில்லை, அன்றைக்கு அது சரியான பயிற்சிதான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே சிபிஆர் வழிகாட்டியில் கணக்கு மாறிவிட்டது. 15 தடவை நெஞ்சை அழுத்தி 2 மூச்சு என்று இருந்தது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று ஆனது. 2010இல் வரிசையே மாறியது. முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகுதான் நெஞ்சு என்றிருந்ததைப் பொதுவாக முதலில் நெஞ்சை அழுத்து என்றார்கள். 2015இல் வேகத்துக்கும் ஆழத்துக்கும் மேல் எல்லை வைத்தார்கள்: பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல். ஐந்து ஆண்டுக்கொரு முறை இந்த வழிகாட்டியை எழுதுகிற மருத்துவ அமைப்புகள் உட்கார்ந்து திருத்துகிறார்கள். 2020இலும் திருத்தினார்கள், 2025இலும் திருத்தினார்கள். பிரேமுக்குள் இருக்கிற காகிதத்துக்கு இது எதுவும் தெரியாது.

விதி மாறாவிட்டாலும் கை மறக்கும். எடுத்த பயிற்சி சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகிறது, அதனால்தான் பல இடங்களில் இந்தச் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். ஓட்டை ஆட்டோவுக்கே நாங்கள் வருடாவருடம் புகைப் பரிசோதனை எடுத்து ஒட்டுகிறோம். மனிதனின் நெஞ்சில் கை வைக்க மட்டும் ஒருதரம் படித்தது ஆயுளுக்கும் போதுமா?

"பிள்ளை பிழைத்தது தானே, பிறகென்ன கதை?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். வீடியோவைத் தயவுசெய்து இன்னொரு தரம், அந்தச் சோகப் பாட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மணலில் கிடத்தும்போதே பிள்ளை இருமுகிறான். விலா ஏறி இறங்குகிறது. மூச்சு விடுகிற பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்தபடி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடிப்பதுதான் வேலை. அண்ணர் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்தார். தண்ணீர் வந்ததும் கூட்டம் கை தட்டியது. வந்தது நுரையீரல் தண்ணீர் இல்லை, வயிற்றில் இருந்தது. அப்படி அமுக்கும்போது வாந்தி மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதற்காகத்தான் வயிற்றை அமுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை பிழைத்தது அமுக்கியதால் இல்லை, அமுக்கியும் பிழைத்தான்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது அதிலும் இல்லை. அதற்குச் சற்றுப் பிறகு, இடது ஓரத்தில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் குனிந்து, பிள்ளையைத் திருப்பச் சொல்லிக் கையால் காட்டுகிறாள். அண்ணர் நிமிர்ந்து பார்க்காமலே "தள்ளுங்கோ பிள்ளை, நான் ட்ரெய்னிங் எடுத்தனான்" என்கிறார். அவள் தள்ளி நிற்கிறாள். பழைய சான்றிதழின் முழுக் கேடும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவன் என்றால் பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்டிருப்பான். அந்தப் பெண் யார் என்று இதுவரை யாராவது கேட்டீர்களா? அவளுக்கு ஒரு லைக்காவது போட்டீர்களா?

"இப்படிக் குறை பிடித்தால் அடுத்த முறை யாரும் உதவிக்கு வரமாட்டார்கள்" என்று ஒரு ஆசிரியர் நிதானமாக எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் மரியாதையோடு பதில் சொல்கிறேன். சேர், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் விழுந்து கிடந்தால், எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கூட நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்துப் பலமாக, வேகமாக அழுத்தலாம், அழுத்த வேண்டும். சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். நான் கேட்பது அதுவல்ல. "நான் படித்தவன்" என்று சொல்லி மற்றவரை விலக்குகிறவர் கடைசியாக எப்போது படித்தார் என்பதுதான் என் கேள்வி.

அரைகுறையாய்க் கேட்ட புதியதும் ஆபத்துத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். "இப்போது வாயில் ஊதத் தேவையில்லையாம், யூடியூப்பில் சொன்னார்கள்" என்று நேற்று இரண்டு பேர் எனக்கே வகுப்பெடுத்தார்கள். கைகளால் மட்டும் செய்தால் போதும் என்று 2008இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது, நின்ற நிலையில் திடீரென்று விழும் பெரியவர்களுக்காக. அவர்கள் இரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒட்சிசன் மிச்சம் இருக்கும். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்து போவதே ஒட்சிசன்தான். மூச்சு நின்றிருந்தால் அவருக்கு முதலில் ஊத வேண்டும், பிறகுதான் அழுத்தம். சுற்றிவரக் கடலும் களப்பும் உள்ள ஊரில், 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டத்தில், இது தெரியாமல் இருக்கலாமா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால், என் மாமா. 1990 அம்புலன்ஸ் எங்கள் பக்கம் வராத காலம். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே முகங்குப்புற விழுந்தார். அங்கே பயிற்சி எடுத்தவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் 15க்கு 2 என்றார். இன்னொருவர் இல்லை, இரண்டு பேர் செய்தால் 5க்கு 1 என்றார். அதுவும் ஒரு காலத்தில் சரியாக இருந்த கணக்குத்தான். மூன்றாமவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "நாடி கிடக்கு, கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொதுமக்கள் நாடி தேடி நேரம் போக்க வேண்டாம் என்று 2000ஆம் ஆண்டே சொல்லியாகிவிட்டது. மாமாவின் வாய் மீன் மாதிரி இடைக்கிடை திறந்து மூடியது. "மூச்சு விடுறார், ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றார் ஒரு பெரியவர். அது மூச்சில்லை. இதயம் நின்றபின் வருகிற வெறும் இழுவை. அதைக் கண்டால் உடனே அழுத்தத் தொடங்கச் சொல்லித்தான் இன்றைய வகுப்பில் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கைப் பேசி முடிக்கும் முன்னரே ஆட்டோ வந்துவிட்டது.

அழுத்தியிருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்தும் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் நின்ற இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மாமி இன்னமும் "ஒன்றும் செய்திருக்க ஏலாது" என்றுதான் நம்புகிறார். நான் திருத்தவில்லை.

திரும்பத் திரும்பப் பயிற்சி வகுப்பு வைக்கக் காசு எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனமில்லை. எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஒவ்வொரு சீசனுக்கும் பெயர் அடித்த புது ஜேர்சி வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? கடற்கரை ஹோட்டல்களையும் விடப்போவதில்லை. நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ரீசேட் போட்டு நிற்கிற பெடியனிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது பொம்மையில் அழுத்திப் பார்த்தாய் என்று. சிரிப்பான். அவனில் பிழையில்லை, அனுப்பாத முதலாளியில்தான் பிழை. என் படகில் வேலை செய்கிற இரண்டு தம்பிமாரும் காலம் முடியமுன் புதுப்பிக்காவிட்டால் படகில் ஏறுவதில்லை. இதையும் விளம்பரம் என்பீர்கள், சொல்லுங்கள்.

அண்ணரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. கண் முன்னால் ஒரு பிள்ளை கிடக்க ஓடிப்போனவர் அவர், அந்த மனம் எல்லோருக்கும் வராது. கழகம் அடுத்த வகுப்பு வைத்தால் அவரைக் கூட்டிவர நானே போகிறேன், வாகனமும் என்னுடையது.

மாமாவைப் பற்றி எழுதியதற்கு யாரும் கீழே அனுதாபம் போட வேண்டாம், அது பழைய கதை. முதலுதவி தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உங்கள் சேர்ட்டிபிக்கட்டில் உள்ள ஆண்டை மட்டும் கொமண்டில் போடுங்கள்.