கிள்ளான் ரயில் பாதை ரப்பருக்காகப் போடப்பட்டதா?

மலேசியாவின் கிள்ளானைக் கடக்கும் புதிய எல்ஆர்டி (இலகு ரயில்) பற்றிப் பேச்சு அடிபடும் இந்த நேரத்தில், கோலாலம்பூர்–கிள்ளான் பழைய ரயில் பாதை தோட்டத்து ரப்பரை ஏற்றத்தான் போடப்பட்டது என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நம் காப்பார் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது பரவிவிட்டது. அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பாதை ஈயத்துக்காகப் போடப்பட்டது.

அதற்கு முன்பு கோலாலம்பூர் ஈயம் கிள்ளான் ஆற்றில் படகில்தான் இறங்கியது. மேல் ஆறு ஆழம் குறைந்தது. பெரிய படகுகள் டாமன்சாரா துறையோடு நின்றுவிடும், மீதி வழி தரைவழிதான். இந்தத் தொல்லையைத் தீர்க்கவே 1886 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. அதுவும் கிள்ளானுக்குள் வரவில்லை, எதிர்க்கரையில் புக்கிட் கூடாவோடு சரி. பாலம் முடிந்து ஊருக்குள் நுழைந்தது 1890-இல்.

ரப்பரோ 1877-இல் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்தது. மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் அதை வணிகத்துக்காகப் பயிரிட்டது 1896-இல். கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும் என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்கெல்லாம் தெரிந்ததுதானே! பின்னாளில் இதே பாதை ரப்பரையும் சுமந்தது என்பது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

யாரும் சரிபார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம். சிலாங்கூர் ரயில்வே என்று ஆங்கிலத்தில் தட்டி, 1886-ஐத் தேர்ந்தெடுத்து அந்தக் காலத்துச் செய்திகளை நேரடியாகப் படியுங்கள்.