அது குப்பைமேடு இல்ல

பழைய வண்டிய உடைச்சு பார்ட்ஸ் விக்கிற எங்க யார்டப் பத்தி ஒரு தம்பி எடுத்த வீடியோவ, நேத்து ராத்திரிக்குள்ள பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. "மாவட்டத்துக்கே அசிங்கம்"னு தலைப்பு, பின்னால ஒரு சோக மியூசிக். ட்ரோன்ல மேலேர்ந்து எடுத்தா எந்த யார்டும் அப்படித்தான் தெரியும். உள்ள இறங்கி ஒருத்தர்கிட்டயாவது பேசியிருக்கலாமே தம்பி?

அது குப்பைமேடு இல்ல. பழைய வண்டி வச்சிருக்கிற எங்களுக்கு அதுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லயே நின்னுபோச்சு. பிரீமியர் பத்மினி கார் அதுக்கும் முன்னாடி. இதுக்கு ஒரு கதவுக் கைப்பிடி வேணும்னு எந்த ஷோரூம்ல போய் நிக்கிறது?

எங்க வீட்டுல நிக்கிறது 86 மாடல் அம்பாசிடர். முன்கதவுல சின்னதா ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும்லா, அதோட கொண்டி போன ஆனி மழையில ஒடிஞ்சிட்டு. காத்தடிச்சா கண்ணாடி தானா திறந்து, மழை நேரா ஓட்டுறவன் மடியில விழும். நாகர்கோவில்லேர்ந்து மார்த்தாண்டம் வரை ஏறாத கடை இல்ல. கடைசியில இதே யார்டுலதான் கிடைச்சுது. யார்டு வச்சிருக்கிற அண்ணாச்சி ஒண்ணும் பேசல. மூணாவது வரிசையில ஒரு வெள்ளை அம்பாசிடர்கிட்ட கூட்டிட்டுப் போனார். துருப்பிடிச்ச ஸ்குரூவுல மண்ணெண்ணெய் விட்டு, ஒரு பீடி முடியுற வரை நின்னார். அப்புறம் மெதுவா கழத்தி, வேட்டி நுனியில துடைச்சுத் தந்தார். நூறு ரூவா. "பத்திரமா வச்சுக்கோ மக்ளே, இனி இந்தப் பக்கத்துல ஒண்ணுதான் கெடக்கு."

இதையா அசிங்கம்னு சொல்றீங்க?

"எண்ணெய் மண்ணுல இறங்குது, கொசு வருது"ன்னு வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். சரிதான், தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊரு. டயர்ல தண்ணி நிக்கத்தான் செய்யும், கூரை போடச் சொல்லுங்க. திருட்டு வண்டி வரும்னு எழுதினவருக்கு மட்டும் கோபத்தோடதான் பதில் சொல்றேன். வண்டியோட பதிவுச் சான்று, அதான் ஆர்.சி., பாக்காம அண்ணாச்சி ஒரு வண்டியும் எடுத்து நான் கண்டதில்ல. கண்ணால பாக்காம ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க.

2021-ல வந்த விதிப்படி பழைய வண்டிய பதிவு பெற்ற மையத்துல கொடுத்துத்தான் உடைக்கணும்ங்கிறாங்க. ஓடாத வண்டிக்கு அது நியாயம்தான். ஓடுற வண்டிக்கு? 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தத 2022 ஏப்ரல்ல 5000 ஆக்கினாங்க. அதையும் கட்டித்தான் ஓட்டுறோம். எல்லாத்தையும் உருக்கிட்டா அந்தக் கொண்டிக்கு நான் எங்க போவேன்?

"தகரத்துக்கு இவ்வளவு பாசமா"ன்னு நேத்து ஒரு சொந்தக்காரரே கமெண்ட் போட்டார். எங்க அம்பாசிடர் அப்பா ஓட்டின டாக்சி. மார்த்தாண்டத்துல மேம்பாலம் வராத காலம். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கதவத் தட்டுவாங்க. பிரசவ வலியில துடிக்கிறவங்கள பின்சீட்டுல படுக்க வச்சு திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு விரட்டுவார். பாதிப் பேருகிட்ட காசு வாங்கினதில்ல. அப்படி ஒருநாள் அந்த சீட்டுல போனவங்கள்ல உங்க அம்மாவும் உண்டு, சொந்தக்காரரே. வீட்டுல கேட்டுப் பாருங்க.

வீடியோ எடுத்த தம்பி, உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல. வர்ற சனிக்கிழமை வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். அந்த வெள்ளை அம்பாசிடரோட இடது கதவு இன்னும் அங்கதான் இருக்கு. கொண்டியோட.